தனிக் கையொப்பமும் கூட்டுக் குரலும்

கூலி பேசுதல் மனித குலத்தின் மிகப் பழைய உரையாடல்களுள் ஒன்று. யாக்கோபு தம் மாமன் லாபானிடம் இருபது ஆண்டுகள் உழைத்தார். அந்த ஆண்டுகளில் தம் கூலி பத்து முறை மாற்றப்பட்டதென்று அவர் மனம் நொந்து முறையிடுவதைத் தொடக்க நூலின் 31ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். யாக்கோபு தனி ஆள்; அவருக்காகப் பேச மற்றொருவர் இல்லை. ஆகவே பேச்சுக்கு இடமில்லாமற் போனபோது அவருக்கு எஞ்சியிருந்தது ஒரே வழிதான். மனைவி மக்களோடும் மந்தைகளோடும், மாமனிடம் சொல்லாமலே புறப்பட்டுப் போனார்.

தனி ஆளாய் நின்று கூலி பேசுவோருக்குக் கடைசியில் எஞ்சுவது இந்த வழிதானா? இக்கேள்வி ஆடு மேய்த்தோரின் காலத்தோடு முடிந்துவிடவில்லை. நூற்றுக்கணக்கான உயிர்களைத் தம் பொறுப்பில் சுமந்து வானில் செல்லும் விமானிகளும் நம் காலத்தில் இதே கேள்வியை எதிர்கொண்டனர். கல்வியாலும் வருவாயாலும் உயர்ந்த இவர்கள், தமக்கெனப் பேசும் சங்கம் இல்லாத நிலையில் ஊதியம் பேச நேர்ந்த வரலாறு, நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் சில பாடங்களை வைத்திருக்கிறது. அதனை இங்கே சற்று ஆராய்வோம்.

நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக் கையொப்பங்கள்

டாட்டா குழுமமும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய விஸ்தாரா, 2015 ஜனவரியில் தன் முதல் விமானத்தைப் பறக்கவிட்டது. 2022 ஜனவரி 27ஆம் நாள் ஏர் இந்தியா மீண்டும் டாட்டா குழுமத்தின் கைக்கு வந்தபின், விஸ்தாராவை அதனோடு இணைப்பதென்று முடிவாயிற்று. இரு வீட்டாரும் ஒரே பந்தியில் அமரவேண்டுமாயின் இலைக்கு இலை வேறுபாடு இருத்தல் ஆகாதன்றோ? எனவே இரு நிறுவனங்களின் விமானிகளுக்கும் பொதுவான ஊதிய முறை ஒன்று, 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விஸ்தாரா விமானிகளின்முன் வைக்கப்பட்டது. அப்போது அங்கே ஏறத்தாழ 1,000 விமானிகள் பணியாற்றினர்.

பழைய முறையில், மாதத்தில் எத்தனை மணி நேரம் பறந்தாலும் 70 மணி நேரத்திற்கான ஊதியம் விமானிக்கு உறுதி. புதிய முறையில் அவ்வுறுதி 40 மணி நேரமாகச் சுருங்கியது; அதற்குமேல் பறக்கும் மணிகளுக்குத் தனியே பணம் உண்டு. மிகுதியாகப் பறப்பவர் மிகுதியாகப் பெறுவார் என்பது இம்முறைக்குள் அடங்கிய நியாயம். ஆனால் எத்தனை மணி நேரம் பறப்பது என்பதை முடிவு செய்பவர் விமானியல்லர். பணி அட்டவணையை வகுக்கும் நிர்வாகமே. ஆகவே வருவாயின் பெரும்பகுதி தம் கையைவிட்டு நழுவுவதாக விமானிகள், குறிப்பாக இளம் துணை விமானிகள், அஞ்சினர். புதிய ஒப்பந்தத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியே கையொப்பமிட வேண்டும். அதற்குக் கெடுவும் உண்டு. அவர்கள் சார்பில் அமர்ந்து பேச அங்கீகாரம் பெற்ற சங்கம் எதுவும் இல்லை.

நூற்றுக்கு 98 பேர் கையொப்பமிட்டுவிட்டனர் என்று நிறுவனத்தின் தலைமை அதிகாரி தெரிவித்தார். ஆயினும் அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாள்களில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. விமானிகள் பலர் உடல்நலக் குறைவென்று விடுப்பெடுத்ததாக நாளிதழ்கள் எழுதின. நடுவண் விமானப் போக்குவரத்து அமைச்சகம் ஏப்ரல் 2ஆம் நாள் நிறுவனத்திடம் விளக்க அறிக்கை கேட்டது. இறுதியில், நாள்தோறும் 25 முதல் 30 விமானங்களைக் குறைத்து இயக்குவதாக நிறுவனமே அறிவித்தது. அதே ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்து மறைந்தது.

இந்நிகழ்ச்சியில் நம் சிந்தனைக்குரியது ஒன்றுண்டு. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் உடன்பட்ட இடத்தில் விமானங்கள் ஏன் தரையில் நின்றன? கையொப்பம் என்பதும் உடன்பாடு என்பதும் ஒன்றல்ல என்பதே இதற்கு விடை. மேசையின் ஒருபுறம் நிறுவனம் முழுமையாக அமர்ந்திருக்க, மறுபுறம் ஒருவர் பின் ஒருவராக வந்து கையொப்பமிட்டுச் செல்லும்போது, காகிதத்தில் மை பதிகிறது. மனத்தில் இருப்பதோ சொல்லப்படாமலே போகிறது. சொல்லப்படாதது பின்னர் வேறு வடிவில் வெளிப்பட்டே தீரும்.

நம்மூர்ப் பேருந்து ஓட்டுநர்

இதனோடு நம் கண்முன் நிகழும் மற்றொன்றை ஒப்பிட்டு நோக்குவோம். வடசேரிப் பேருந்து நிலையத்திலிருந்து திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்திற்கோ பேருந்தை எடுக்கும் அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர், ஊதியத்தில் விமானியின் அருகே நிற்கக்கூடியவர் அல்லர். ஆயினும் அவருடைய ஊதியம் அவரைத் தனியே அழைத்துப் பேசி முடிவு செய்யப்படுவதில்லை. தொழிற்சங்கங்களும் அரசும் போக்குவரத்துக் கழகங்களும் அமர்ந்து பேசி ஊதிய ஒப்பந்தம் செய்கின்றன. பதினைந்தாவது ஊதிய ஒப்பந்தத்தைக் கேட்டு 2024 ஜனவரி 9ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கியது. பொங்கல் நேரத்தில் மக்கள் படும் துன்பத்தை உயர்நீதிமன்றம் சுட்டிக்காட்ட, மறுநாளே அது நிறுத்திவைக்கப்பட்டது. 2025 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாள் நீண்டது, கேட்டதெல்லாம் கிடைக்கவுமில்லை. எனினும் ‘பதினைந்தாவது’ என்ற அந்த எண்ணே ஒரு வரலாறு. இதற்குமுன் பதினான்கு முறை இவர்கள் அமர்ந்து பேசியிருக்கிறார்கள். இனியும் பேசுவார்கள் என்பதற்கு அது சான்று.

அரைக்காற்சட்டை வயதில் விமானம் ஓட்டக் கனவு கண்டு, பல இலட்சம் கடன்பட்டுப் பயின்று, விண்ணில் பறக்கும் ஒருவருக்கு இல்லாத பாதுகாப்பு, காக்கிச் சட்டை அணிந்து தரையில் ஓடும் ஒருவருக்கு இருக்கிறது. இந்த முரண்பாடு எப்படி வந்தது? அதனை அறியத் தமிழகத்தின் தொழிலாளர் வரலாற்றைச் சிறிது பின்னோக்கிப் பார்க்கவேண்டும்.

தூத்துக்குடியும் சென்னையும்

1908 பிப்ரவரி 27ஆம் நாள் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். ஆர்வி நிறுவனத்தார் நடத்திய ஆலை அது. நெடுநேர உழைப்பு, அற்பக் கூலி, ஓய்வு நாள் இன்மை ஆகியவை அவர்தம் குறைகள். அந்நாளில் அவர்களுக்குச் சங்கம் இல்லை. சங்கம் அமைக்க வழிசெய்யும் சட்டமும் இல்லை. ஆனால் அவர்களுக்காகப் பேச வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் இருந்தனர். ஏறத்தாழ ஒன்பது நாள்களில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்வும் வாரத்திற்கு ஒருநாள் ஓய்வும் கிட்டின.

சங்கமின்றியே வென்றார்களே என்று இதனைக் கொண்டாடலாம். ஆனால் அடுத்த வாரமே, மார்ச் 12ஆம் நாள், வ. உ. சி.யும் சிவாவும் கைது செய்யப்பட்டனர். திருநெல்வேலியும் தூத்துக்குடியும் கொந்தளித்தன. கோரல் ஆலைத் தொழிலாளரும் வேலையை விட்டு வெளியேறினர். ஆயினும் அவர்தம் குரல் சிறைக்குள் சென்றுவிட்டது. ஒரு மாமனிதரை நம்பிய குரல் அம்மனிதரோடு பூட்டப்படும். ஓர் அமைப்பை நம்பிய குரல் ஆள் மாறினாலும் தொடரும். தூத்துக்குடி தந்த வெற்றியும் அது தந்த எச்சரிக்கையும் இவையே.

பத்தாண்டுகள் கழித்து, 1918 ஏப்ரல் 27ஆம் நாள், சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பெரம்பூரில் பின்னி நிறுவனத்தாரின் பக்கிங்ஹாம், கர்னாட்டிக் ஆலைகளின் தொழிலாளருக்காக செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முயன்று அமைத்த அச்சங்கத்திற்கு பி. பி. வாடியா தலைவரானார், திரு. வி. க. துணைத்தலைவர்களுள் ஒருவர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கமாக அது போற்றப்படுகிறது. ஆனால் சட்டம் அதன் பக்கம் இல்லை. தொழிலாளரை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று ஆலை நிறுவனம் சங்கத் தலைவர்கள்மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நீதிமன்றமும் தடையாணை வழங்கியது. தனி ஒப்பந்தமே புனிதம், அதைக் கூடிப் பேசி மாற்ற முயல்வது குற்றம் என்ற நிலை அது. அந்த அதிர்ச்சியின் விளைவாக எழுந்த முயற்சிகளே 1926ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சங்கச் சட்டத்திற்கு வழிவகுத்தன. பதிவுபெற்ற சங்கத்தின் நிர்வாகிகளை இத்தகைய வழக்குகளிலிருந்து அச்சட்டம் காத்தது.

நம்மூர் ஓட்டுநரின் ஊதிய ஒப்பந்தம் இந்த வேரிலிருந்து முளைத்த மரம். விமானியும் அதே வேருக்கு உரியவர்தாமே? அவர் எப்படித் தனித்துப்போனார்?

வானில் தோன்றிய சங்கங்கள்

1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் மூட்டையோடு பறந்தார். இந்திய விமானப் போக்குவரத்து அவ்வாறு தொடங்கியது. 1953இல் நிறைவேறிய சட்டத்தால் விமான நிறுவனங்கள் நாட்டுடைமையாகி, வெளிநாட்டுப் பறப்புகளுக்கு ஏர் இந்தியா இன்டர்நேஷனல், உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ் என இரண்டு கழகங்கள் ஆயின. முன்னதன் விமானிகளுக்கு இந்தியன் பைலட்ஸ் கில்டு. பின்னதன் விமானிகளுக்கு இந்தியன் கமர்ஷியல் பைலட்ஸ் அசோசியேஷன். அரசு நிறுவனம் என்பதால் சங்கமும் நிலைத்தது. ஊதியமும் சங்கத்தின் வாயிலாகவே பேசப்பட்டது.

அச்சங்கங்களின் வரலாறு முழுவதும் போற்றத்தக்கதெனச் சொல்வதற்கில்லை. 1992 டிசம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, நிறுவனம் உஸ்பெகிஸ்தானிலிருந்து விமானங்களையும் விமானிகளையும் வாடகைக்கு எடுத்தது. அவற்றுள் ஒன்று 1993 ஜனவரி 9ஆம் நாள் ஐதராபாத்திலிருந்து தில்லி வந்து, மூடுபனியில் இறங்கும்போது தலைகீழாகக் கவிழ்ந்து தீப்பற்றியது. அதிலிருந்த 165 பேரும் உயிர்தப்பியது இறையருள் என்றே கொள்ளவேண்டும். மேசையில் முடிக்கவேண்டிய பேச்சு முறியும்போது அதன் சுமை யாருடைய தலையில் விழுகிறது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

அதன்பின் காட்சி மாறிற்று. 1993இல் ஜெட் ஏர்வேஸ் பறக்கத் தொடங்கியது. 1994இல் பழைய சட்டம் நீக்கப்பட்டுத் தனியாருக்கு வானம் முழுமையாகத் திறந்தது. புதிய நிறுவனங்கள் சங்கத்தை விரும்பவில்லை. விமானிகளும் அதனைப் பெரிதாக நாடவில்லை. ஆள் பற்றாக்குறையான காலத்தில் ஒரு நிறுவனத்தில் பிடிக்காவிட்டால் மற்றொன்றிற்குப் போகலாம். சங்கம் எதற்கு என்ற எண்ணம் பரவியது.

2009இல் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் நேஷனல் ஏவியேட்டர்ஸ் கில்டு என்ற சங்கத்தைப் பதிவு செய்தபோது, அதற்கு முன்னின்ற விமானிகள் பணிநீக்கம் செய்யப்பட்டனர். செப்டம்பர் 8ஆம் நாள் நூற்றுக்கணக்கான விமானிகள் ஒரே வேளையில் உடல்நலமில்லை என்று விடுப்பெடுத்தனர். ஐந்து நாள்கள் போல நாடெங்கும் பயணிகள் அல்லலுற்றனர். முடிவில் நீக்கப்பட்டோர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டனர். நிர்வாகமும் விமானிகளும் கலந்து பேச ஒரு குழு அமைப்பதென்றும் உடன்பாடாயிற்று. ஐந்து நாள் துன்பத்திற்குப்பின் அமைந்த அக்குழு, முதல்நாளே அமைந்திருக்கக் கூடாதா என்று நாம் கேட்கலாம்.

அரசு நிறுவனத்திலோ வேறுவகைச் சோதனை. 2007இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைந்தபின், இரு தரப்பு விமானிகளுக்கும் ஊதியம் சமமாகவில்லை. சம ஊதியம் கேட்டு 2011இல் ஒரு சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. மறு ஆண்டு மே மாதம் மற்றொரு சங்கம் வேலையை நிறுத்தியது. 58 நாள்கள் அது நீடித்தது. ‘டிரீம்லைனர்’ என்னும் புதிய விமானத்தை இயக்கும் பயிற்சியை இந்தியன் ஏர்லைன்ஸிலிருந்து வந்த சக விமானிகளுக்கும் அளிப்பதை எதிர்த்தே அப்போராட்டம் மூண்டது என்பதை நினைக்கையில் நெஞ்சு வருந்துகிறது. சகோதரனுக்கு எதிராகவும் சங்கம் நிற்கக்கூடும். குழுவின் தன்னலம் தனிமனிதனின் தன்னலத்தினும் கொடியதாகிவிடும் தருணங்கள் உண்டு.

2023 ஏப்ரலில், டாட்டா குழுமத்தின் கீழ் வந்துவிட்ட ஏர் இந்தியா, புதிய ஊதிய முறையை அறிவித்தது. தங்களைக் கலந்து பேசவில்லை என்று அந்த இரு சங்கங்களும் அதனை ஏற்க மறுத்தன. 1,500க்கும் மேற்பட்ட விமானிகள் ரத்தன் டாட்டாவுக்கு மனு அனுப்பினர். அப்புதிய முறையில் ஓர் அம்சம் கூர்ந்து நோக்கத்தக்கது: நான்கு ஆண்டுகள் விமானத் தலைவராகப் பணியாற்றியவர் மூத்த தலைவர் எனப் பெயர்பெற்று நிர்வாகப் பிரிவில் சேர்ந்துவிடுவார். பதவி உயர்வுதானே என்று தோன்றும். ஆனால் நம் தொழிற்சட்டங்கள் நிர்வாகப் பொறுப்பில் உள்ளவரைத் தொழிலாளி என்று கருதுவதில்லை. பட்டம் ஒன்று தோளில் ஏறும்போது, பாதுகாப்பு ஒன்று தோளிலிருந்து இறங்கிவிடுகிறது.

கடலுக்கு அப்பால்

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. அயர்லாந்தின் ரையன்ஏர் நிறுவனம் பல்லாண்டுகளாகச் சங்கங்களை ஏற்க மறுத்து, விமானிகளோடு ஒவ்வொரு நிலையத்திலும் தனித்தனிக் குழுக்கள் வாயிலாகவே பேசிவந்தது. 2017 செப்டம்பரில் விடுப்பு அட்டவணை குழம்பி ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. ஓய்வு நாளிலும் பறக்க முன்வருவோருக்குக் கூடுதல் பணம் தருவதாக நிறுவனம் சொல்லியும், விமானிகள் பலர் அதை மறுத்து, எல்லாருக்குமான பேச்சையே கேட்டனர். கிறிஸ்து பிறப்புக் காலத்தில் வேலைநிறுத்தம் வரும் நிலையில், டிசம்பர் 15ஆம் நாள் விமானிகள் சங்கங்களை ஏற்பதாக அந்நிறுவனம் அறிவித்தது.

அமெரிக்காவின் ஜெட்புளூ நிறுவனத்தில் விமானிகள் நெடுநாள் தனித்தனி ஒப்பந்தங்களின் கீழ்ப் பறந்தனர். சங்கம் வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்கள் தமக்குள் மும்முறை வாதிட்டு வாக்களித்தனர். 2009இலும் 2011இலும் வேண்டாம் என்றனர். 2014இல் வேண்டும் என்றனர். முதல் கூட்டு ஒப்பந்தம் நிறைவேற மேலும் நான்கு ஆண்டுகள், அதாவது 2018 வரை, ஆயின. சங்கம் அமைந்த மறுநாளே சம்பளம் கூடிவிடும் என்று எண்ணுவோர் இதனைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

மறுபக்கத்தையும் மறைத்தல் நேர்மையன்று. 1989இல் ஆஸ்திரேலிய விமானிகள் கூட்டமைப்பு 29.47 விழுக்காடு ஊதிய உயர்வு கேட்டது. அரசின் ஊதியக் கொள்கைக்கு அது பொருந்தாதெனத் தொழிற்கட்சிப் பிரதமர் ஹாக்கே மறுத்தார். பேச்சு முறிந்து, 1,600க்கும் மேற்பட்ட விமானிகள் ஒருமித்துப் பணி விலகினர். அரசு விமானப் படையைக் கொண்டு பயணிகளை ஏற்றியது. நிறுவனங்கள் தனி ஒப்பந்தத்தில் புதிய விமானிகளை அமர்த்தின. கூட்டமைப்பு உடைந்தது; பலர் மீண்டும் அந்நாட்டில் பறக்கவேயில்லை. அளவறியாக் கோரிக்கை, தான் அமர்ந்திருக்கும் கிளையைத் தானே வெட்டும்.

இரு பக்க நியாயங்கள்

சங்கம் வேண்டாம் என்னும் விமானிகளின் வாதங்கள் எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல. திறமைக்கேற்ற ஊதியத்தைத் தானே பேசிப் பெறலாம்; சங்கம் எல்லாரையும் ஒரே அளவுகோலால் அளக்கும்; மூத்தோர் நலமே முன்னிற்கும்; தலைவர்களின் பகைக்கு உறுப்பினர் பலியாவர்; நிறுவனம் நலிந்தால் சங்கம் என்ன செய்யும்? இவ்வாறு கேட்கின்றனர். கடைசிக் கேள்விக்கு ஜெட் ஏர்வேஸே சான்று. 2019 ஏப்ரல் 17ஆம் நாள் அந்நிறுவனம் பறப்பதை நிறுத்தியபோது விமானிகளுக்கு மாதக்கணக்கில் சம்பளம் நிலுவை. சங்கம் இருந்தது, காப்பாற்ற இயலவில்லை.

ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் மறக்கலாகாது. தனியே பேசி வெல்வது, ஆள் தட்டுப்பாடு இருக்கும் நாள்வரைதான். கொரோனாப் பெருந்தொற்று வந்த 2020இல் விமானங்கள் தரையில் நின்றன, ஊதியங்கள் வெட்டப்பட்டன. எல்லாருக்கும் ஒரே நாளில் இடி விழும்போது, வேறு நிறுவனத்திற்குப் போவேன் என்னும் ஆயுதம் மழுங்கிவிடுகிறது. போக வேறு இடமில்லை. 2022 ஏப்ரலில், ஊதிய வெட்டை எதிர்த்து வேலைநிறுத்தத்திற்குத் திட்டமிட்டனர் என்று இண்டிகோ நிறுவனம் விமானிகள் சிலரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தது. அதே ஆண்டு ஜூலை 2ஆம் நாள், அந்நிறுவனத்தின் விமானங்களில் பாதிக்குமேல் தாமதமாயின. பணிக்குழுவினர் பெருந்தொகையாக விடுப்பெடுத்து ஏர் இந்தியாவின் நேர்காணலுக்குச் சென்றதாகச் செய்தி வந்தது. பேச இடமில்லாத யாக்கோபு சொல்லாமல் புறப்பட்டார் அல்லவா?

2024 மே மாதத்து நிகழ்ச்சி ஒன்றையும் விஸ்தாராவின் ஏப்ரலோடு ஒப்பிடலாம். மே 7ஆம் நாள் இரவு முதல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் விமானப் பணிக்குழுவினர் பெருந்திரளாக உடல்நலமில்லை என்று விலகி நின்றனர். வளைகுடாவுக்குச் செல்லவேண்டியோர் கேரள விமான நிலையங்களில் தவித்தனர். 25 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். ஆனால் அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. மே 9ஆம் நாளே தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் இரு தரப்பும் அமர்ந்தன, பணிநீக்கங்கள் திரும்பப் பெறப்பட்டன, பணியாளர்கள் திரும்பினர். சங்கம் இருந்ததால் போராட்டம் வராமல் இல்லை. ஆனால் அதை முடித்துவைக்க, கையொப்பமிடும் தகுதியுள்ள ஒருவர் மறுபுறம் இருந்தார்.

ஊதியத்தினும் பெரிய பொருள் ஒன்றும் இதில் அடங்கியிருக்கிறது. அதுவே ஓய்வு. களைத்த கண்களோடு விமானி இரவில் தரையிறங்குவது பயணிகளின் உயிரோடு தொடர்புடையது. விமானிகளின் வாராந்திர ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தும் விதிகள் 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டும் தள்ளிப்போயின. அவற்றை நடைமுறைக்குக் கொணர தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்காடியவை விமானிகளின் சங்கங்களே. 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரு கட்டங்களாக அவை நடைமுறைக்கு வந்தன. அவற்றுக்கேற்ப ஆயத்தம் செய்யாத இண்டிகோ, டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ய நேர்ந்ததை நாடே கண்டது. தனி விமானி ஒருவர் எனக்கு ஓய்வு போதவில்லை என்றால் அது முணுமுணுப்பு. அனைவரும் சேர்ந்து சொன்னால் அது விதியாகிறது.

திருச்சபையின் படிப்பினை

1889இல் இலண்டன் துறைமுகத் தொழிலாளர் மணிக்கு ஆறு பென்சு கூலி கேட்டு வேலையை நிறுத்தினர். அன்றன்று வாயிலில் நின்று, அழைக்கப்பட்டால் மட்டுமே வேலை பெற்ற மக்கள் அவர்கள். எண்பது வயதைக் கடந்த கர்தினால் மானிங், இரு தரப்பாரிடமும் நடந்து பேசி உடன்பாட்டுக்கு வழி கண்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1891 மே 15ஆம் நாள், திருத்தந்தை 13ஆம் லியோ ‘ரேரும் நோவாரும்’ என்ற சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளி விருப்பத்தோடு உடன்பட்ட கூலி ஆதலால் அதற்குமேல் முதலாளிக்குக் கடமையில்லை என்று அக்காலத்தார் வாதிட்டனர். திருத்தந்தை இதை மறுத்தார். ஒப்பந்தத்திற்கு மேலாக இயற்கை நீதி ஒன்று உண்டு. வேறு வழியின்றி, இதனினும் பெரிய தீங்குக்கு அஞ்சி ஒருவர் குறைந்த கூலியை ஏற்றால், அது உடன்பாடன்று, வன்முறைக்கு இரையாதலே என்பது அவர் போதனை. தொழிலாளர் கூடிச் சங்கம் அமைப்பது இயற்கை உரிமை என்றும் அவர் நிலைநாட்டினார். ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் சங்க ஏடு 1965இல் அவ்வுரிமையை அடிப்படை மனித உரிமைகளுள் ஒன்றாக வைத்தது.

இலட்சங்களில் ஊதியம் பெறும் விமானிக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். பசிக்கு அஞ்சிக் கையொப்பமிட்ட துறைமுகத் தொழிலாளியும், கடனுக்கு அஞ்சிக் கையொப்பமிடும் விமானியும் ஒரே தட்டில் நிற்பவர்கள் அல்லர்; உண்மைதான். ஆனால் திருத்தந்தை 2ஆம் ஜான் பால் 1981இல் எழுதிய ‘லாபோரெம் எக்ஸர்சென்ஸ்’ சுற்றுமடல், ஆலைத் தொழிலாளரோடு நின்றுவிடாமல், எல்லாத் தொழிலினரும் சங்கம் அமைக்கலாம் என்று உரைக்கிறது. அதே மடல் எச்சரிக்கையும் செய்கிறது: சங்கத்தின் போராட்டம் நீதியான நன்மைக்காக இருக்கவேண்டும், பிறருக்கு எதிராக அன்று, வர்க்கத் தன்னலமாக அது மாறலாகாது. 2012இன் 58 நாள்களுக்கும் 1989இன் ஆஸ்திரேலியாவுக்கும் இதனினும் பொருத்தமான அளவுகோல் இல்லை.

திராட்சைத் தோட்ட உவமை இறைவனின் தாராளத்தைப் பற்றியது. கூலிச் சட்டம் அன்று. எனினும் அதன் ஓர் ஓரத்தில் ஓர் ஒளி உண்டு. கடைசியில் வந்தோர் ஒரு மணி நேரமே உழைத்தும் முழுநாள் கூலி பெற்றனர். நாளெல்லாம் சும்மா நின்றது அவர்கள் குற்றமன்று, எவரும் அழைக்கவில்லை. வேலை கிடைப்பது தன் கையில் இல்லாதவனுக்கும் அன்றாடம் உணவு வேண்டும் என்பதை அந்த நிலக்கிழார் அறிந்திருந்தார். உறுதி செய்யப்பட்ட ஊதியம் என்னும் கருத்தின் உட்பொருளும் அதுவே.

நம் வாசலில்

2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட புதிய திருத்தந்தை, லியோ என்னும் பெயரைத் தாம் ஏற்றதற்கு ‘ரேரும் நோவாரும்’ மடலையும், செயற்கை நுண்ணறிவு உழைப்பில் உண்டாக்கும் மாற்றங்களையும் காரணமாகக் குறிப்பிட்டார். அதே ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் நம் நாட்டில் 1926ஆம் ஆண்டுச் சட்டம் விலகி, தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. 51 விழுக்காட்டினரை உறுப்பினராகக் கொண்ட சங்கம் ஒரு நிறுவனத்தில் தனித்துப் பேசும் உரிமை பெறும் என்று அது வகுக்கிறது. பாதிப்பேர் ஒரே நாளில் ஒருமித்துத் தற்செயல் விடுப்பெடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமாகக் கருதப்படும் என்றும் சொல்கிறது. சொல்லாமல் புறப்படும் பழைய வழி இனிக் குறுகும். ஆகவே சொல்லிப் பேசும் வழி அகலவேண்டும். அகலாவிடில் அழுத்தம் வேறெங்கோ வெடிக்கும்.

இவையெல்லாம் விமானிகளின் கதை என்று நாம் மடித்து வைத்துவிட இயலாது. நாஞ்சில் நாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று மென்பொருள் அலுவலகங்களிலும், தனியார் மருத்துவமனைகளிலும், சுயநிதிப் பள்ளி கல்லூரிகளிலும், வெளிநாட்டுக் கப்பல்களிலும் பணியாற்றுகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் கையில் இருப்பது தனிக் கையொப்பம் இட்ட ஒரு தாள். மாத இறுதியில் ஊதியம் குறைந்தால் யாரிடம் கேட்பது என்று அவர்களுக்குத் தெரியாது. கேட்டால் வேலை நிலைக்குமோ என்ற அச்சமும் உண்டு. வடசேரியின் தறியிலும் நகைப்பட்டறையிலும் தலைமுறைகளாக உழைத்தவர்கள் அறிந்த அதே அச்சம், குளிரூட்டிய அறையில் புதுச் சட்டை அணிந்து உட்கார்ந்திருக்கிறது.

இங்கே இன்னொரு கேள்வியைத் தவிர்ப்பது நமக்கு அழகன்று. பள்ளிகளும் மருத்துவமனைகளும் நடத்தும் நாமும் ஊதியம் கொடுப்பவர்களே. நம் நிறுவனத்தில் பணிபுரியும் ஆசிரியையும் செவிலியும் தம் ஊதியத்தைப் பற்றி நம்மிடம் கூடி வந்து பேச இடம் இருக்கிறதா? அல்லது ஒருவர் பின் ஒருவராக வந்து கையொப்பமிட்டுச் செல்கிறார்களா? ஞாயிறு மறையுரையில் நீதியான கூலியைப் போதித்துவிட்டுத் திங்களன்று அலுவலக மேசையில் அதை மறந்தால், திருத்தந்தையரின் சுற்றுமடல்கள் நம் நூலக அலமாரியில் தூசி படிவதற்கே உரியன.

சங்கம் எல்லா நோய்க்கும் மருந்தன்று. அது பிளவுபடும், அளவு மீறும், சில வேளை தோற்கும். ஆனால் தனித்து நின்ற கையொப்பம் அமைதியைத் தந்ததாகவும் வரலாறு காட்டவில்லை. கூடிப் பேச ஓர் இடமும், கேட்க ஒரு செவியும், கேட்டதை எழுதி வைக்க ஒரு தாளும் வேண்டும். இம்மூன்றையும் கொடுக்கத் துணியும் முதலாளிக்கும், இம்மூன்றையும் பொறுப்போடு பயன்படுத்தும் உழைப்பாளிக்கும், விடியற்காலையில் உடல்நலமில்லை என்று தொலைபேசி அடிக்கவேண்டிய தேவை நேராது. நம் பிள்ளைகளுக்குப் பணி நியமனக் கடிதம் வரும் நாளில் இனிப்பு வழங்குகிறோம். அதற்குமுன் அவர்களை அருகே அமர்த்தி, அக்கடிதத்தை வரிவரியாக அவர்களோடு வாசிப்போம். இதே கடிதத்தைப் பெற்ற மற்றவர்கள் யார் என்றும் கேட்போம்.